கராத்தேயா, சிலம்பமா, முவாய் தாயா? பினாங்கில் தற்காப்புக்கு எதைக் கற்பது

பள்ளி விடுமுறை நெருங்கினாலும் சரி, தாமானில் யாரிடமாவது பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாலும் சரி, இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, தற்காப்புக்கு எதுல சேரலாம்?" பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண் கேட்பார். பத்து வயது மகனைப் பள்ளியில் யாரோ தள்ளிவிடுகிறார்கள் என்று கவலைப்படும் பட்டர்வொர்த் அப்பா கேட்பார். நாற்பதைத் தாண்டிய நண்பர், வயிறும் குறையணும் தைரியமும் வரணும் என்று சொல்லிக் கேட்பார்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், வகுப்பில் எதிரில் நிற்பவர் உண்மையாகவே உங்களை எதிர்க்கிறாரா என்று பாருங்கள். அது இல்லாத வகுப்பில் பத்து வருடம் இருந்தாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

## முதலில், எந்த ஆபத்துக்கு?

நம் ஊர்த் தெருவில் எல்லோரும் பயப்படுவது ராகுட்டுக்கு, அதாவது பைப் பறிப்புக்கு. மோட்டாரில் இரண்டு பேர் வருவார்கள், பின்னால் இருப்பவன் கையை நீட்டிப் பையை இழுப்பான், என்ன நடந்தது என்று புரிவதற்குள் போய்விடுவார்கள். இதற்கு எந்தக் கலையும் உதவாது. பையை விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டு தார்ச் சாலையில் இழுபட்டு உயிரிழந்த சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடப்பதும், சாலைப் பக்கம் இல்லாத தோளில் பையை மாட்டுவதும் எந்தக் கறுப்புப் பட்டையைவிடவும் இதற்கு உதவும்.

பாராங் கத்தியோடு வருபவனுக்கும் இதே பதில்தான். பணம், போன், மோட்டார் சாவி எதைக் கேட்டாலும் கொடுங்கள். கத்திக்கு எதிராக வெறுங்கையால் நிற்கும் வித்தையை அழகாகச் செய்து காட்டும் மாஸ்டரிடம் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை நிஜமாகத் தாக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டையில் எத்தனை கோடு விழுகிறது என்று பார்த்தால் போதும். சாலையில் கார் உரசியதற்கு ஸ்டீயரிங் பூட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குபவனிடம் வீரம் காட்டவும் அவசியமில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு காரை எடுத்துவிடலாம்.

இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? பிளாட் லிப்ட் அருகே கையைப் பிடித்து இழுப்பவன். மாமாக் கடையில் குடிபோதையில் சட்டையைப் பிடித்துத் தள்ளி, கண்மூடித்தனமாகக் கை வீசுபவன். பழைய காதலன், சொந்தக்காரன், வேலையிடத்து ஆள் என்று தெரிந்தவர்கள். கலை கை கொடுக்கும் இடம் இதுதான்: பிடி, தள்ளு, குத்து, தரையில் விழுவது.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

எதிர்ப்போடு பயிற்சி. மணிக்கட்டைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழு என்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். சொல்வது சரிதான், பிடியின் பலவீனம் அங்கேதான். ஆனால் பயிற்சியின்போது எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு கையால் பூப்போலப் பிடித்துக்கொண்டு, நீங்கள் திருப்பியதும் மரியாதையாக விட்டுவிடுவார். நிஜத்தில் இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுப்பான், அல்லது இன்னொரு கை உங்கள் முடிக்குப் போகும். "விடாமல் பிடிங்க" என்று கேட்டுப் பார்த்தால் அந்த வகுப்பின் தரம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை மாதத்தில் பயன். இரண்டு வருடம் கழித்து வரும் திறமை அடுத்த மாதத்துக்கு உதவாது.

எந்தச் சூழலுக்கு. குத்துக்கா, பிடிக்கா, தரைக்கா.

உடம்பு கொடுக்கும் விலை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய முழங்கால், விரல், தலை.

பணமும் தூரமும். பெருநிலத்தில் பிறையில் வீடு, வகுப்பு தீவில் என்றால், வேலை முடிந்து பாலத்து நெரிசலில் போய் வருவது இரண்டாவது மாதமே கசந்துவிடும். வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் இருக்கும் சுமாரான வகுப்பு, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பிரமாதமான வகுப்பை ஜெயித்துவிடும். ஏனென்றால் முன்னதற்குத்தான் நீங்கள் தொடர்ந்து போவீர்கள்.

## கராத்தே

நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமான கலை. தேசிய கராத்தே அணியில் பல வருடங்களாக இந்தியப் பெயர்கள் நிறைய. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை காலை வெள்ளை உடுப்போடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்காத ஊர் குறைவு. 1966இல் சியூ சூ சூட் என்பவர் தொடங்கிய கராத்தே புடோக்கான் இந்த நாட்டிலேயே பிறந்து வெளிநாடுகளுக்குப் பரவியது.

தூரத்தை அளப்பது, சட்டென்று பாய்ந்து ஒரே அடியில் நுழைவது, குரல் கொடுப்பது ஆகியவை கராத்தேயின் பலம். குரலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொது இடத்தில் வயிற்றிலிருந்து கத்தப் பழகிய பெண்ணுக்கு அதுவே பாதித் தற்காப்பு. குறை என்னவென்றால், இன்றைய போட்டி முறையில் அடி பட்டதும் நடுவர் நிறுத்திவிடுவார். தெருவில் நிறுத்த யாரும் இல்லை. முதல் அடிக்குப் பிறகு கட்டிப்பிடித்து உருளும் நிலைதான் வரும். கியோகுஷின் பிரிவில் முழு பலத்தோடு அடித்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே முகத்தில் கையால் குத்தக் கூடாது. எனவே முகத்தைக் காக்கும் பழக்கம் அங்கும் தானாக வராது.

மறைந்திருக்கும் செலவு பட்டைத் தேர்வுதான். மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு மாதக் கட்டணம் பெரும்பாலும் 100 வெள்ளிக்குள் அடங்கும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தேர்வுக் கட்டணம், சான்றிதழ், சங்கச் சந்தா, போட்டி நுழைவுக் கட்டணம், பயண பஸ். சேரும்போதே வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் மாஸ்டர் என்றால் யோசிக்கலாம்.

## டேக்வாண்டோ

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கொரியக் கலையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜெனரல் சோய் ஹோங் ஹி 1960களின் தொடக்கத்தில் இங்கே தென் கொரியத் தூதராக இருந்தார். அதனால் இந்தக் கலை மலேசியாவில் சீக்கிரமே வேர் விட்டது. பள்ளிப் புறப்பாடமாகச் சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு உடல் வளைவும் ஒழுங்கும் வரும்.

ஆனால் ஒலிம்பிக் முறையில் கையால் முகத்தில் குத்தக் கூடாது என்பதால், கைகளைக் கீழே தொங்கவிட்டு நிற்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மழை பெய்து வழுக்கும் ஐந்தடிப் பாதையில் ஜப்பான் செருப்போடு நின்று யாரும் தலை உயரத்துக்கு உதைக்கப் போவதில்லை. பெரியவர்கள் தற்காப்புக்காக மட்டும் சேர்வதானால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

## சிலம்பம்

இதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்கு மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எனக்கும்தான். தோட்டப்புறங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நம்மோடு வந்த கலை. இப்போது சங்கம், போட்டி, பதக்கம் என்று முறையாக வளர்ந்திருக்கிறது. பிள்ளைக்குத் தமிழ்ச் சூழலும் கிடைக்கும், ஆசானுக்கு வணக்கம் சொல்லும் பழக்கமும் வரும்.

தற்காப்பு என்று பார்த்தால் சிலம்பத்தின் பொக்கிஷம் கம்பு இல்லை, காலடிதான். நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுவது, பின்னால் இன்னொருவன் வருகிறானா என்று திரும்பிப் பார்ப்பது, ஒரு கம்பு நீளத்துக்குள் யாரையும் விடாமல் இருப்பது எல்லாம் உடம்பில் ஊறிவிடும். பல பேரைச் சமாளிக்கும் எண்ணத்தோடு அமைந்த கலைகள் குறைவு. இது அதில் ஒன்று. நெற்றி உயரப் பிரம்பை விட்டுவிட்டு நீளக் குடையைக் கையில் எடுத்தாலும் கை அதே பாதையில் போகும். பினாங்கில் குடை இல்லாத கைப்பை ஏது?

ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். தனியாகச் சுற்றுவது, இரட்டைக் கம்பு, தீப்பந்தம், மேடை நிகழ்ச்சி. எதிரில் ஒருவரை நிறுத்தித் தொடுமுறைப் போட்டி ஆட வைக்கும் ஆசான் கிடைத்தால் விடாதீர்கள். வெறும் சுற்று மட்டும் என்றால் அது கண்ணுக்கு விருந்து, தோளுக்கு நல்ல பயிற்சி, அவ்வளவுதான். வெறுங்கைப் பிடி, தரைச் சண்டை எதுவும் அநேகமாக அங்கே கிடைக்காது. கட்டணம் எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்கும். சில இடங்களில் வெற்றிலை பாக்குத் தட்சிணையோடு சரி. செலவு வருவது விழாக் காலத்தில், சனி ஞாயிறு முழுக்க நிகழ்ச்சிக்குப் போகும்போது.

## சீலாட்

2019இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மலாய்த் தற்காப்புக் கலை. காயோங், செக்காக் என்று பல பிரிவுகள், ஒவ்வொன்றும் வேறு மாதிரி. கெடாவில் வேர் விட்ட செக்காக் வடக்கு மாநிலங்களில் பரவலாகக் கிடைக்கும். அடிக்க வருபவனின் கையைப் பிடித்துச் சாய்ப்பதில்தான் அதன் கவனம் முழுவதும். போட்டிச் சீலாட்டில் காலை வாரிவிடுவதும் தூக்கிப் போடுவதும் உண்டு, அதில் எதிர்ப்பு நிஜமானது.

சில குழுக்களில் சமயச் சடங்குகளும் பயிற்சியோடு கலந்திருக்கும், சில குழுக்கள் எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளும். சேர்வதற்கு முன் நேராகவே கேட்டுவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

## முவாய் தாய், பாக்சிங்

முவாய் தாய் என்பது குத்தும் உதையும் சேர்ந்த தாய்லாந்துச் சண்டைக் கலை. தாய்லாந்து எல்லை பக்கத்தில் இருப்பதால் வடக்கில் இது புதிதில்லை. கெடா, கிளந்தான் கிராமங்களில் தோமோய் என்ற பெயரில் எப்போதோ இருந்தது. இன்று தீவிலும் பெருநிலத்திலும் ஜிம்கள் உண்டு.

சீக்கிரம் பயன் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். வாரம் இரண்டு முறை போனால் நான்கைந்து மாதத்தில் நேர்க்குத்து, முன்னால் தள்ளும் உதை, முகத்தைக் காக்கும் கை, இந்த மூன்றும் வந்துவிடும். அந்தத் தள்ளு உதை தற்காப்புக்கென்றே செய்தது போல இருக்கும். வருபவனின் இடுப்பில் பாதத்தை வைத்துத் தள்ளிவிட்டு ஓடலாம். கழுத்தைப் பிடித்து முழங்காலால் தாக்கும் நெருக்கச் சண்டையும் இதில் இருக்கிறது, பாக்சிங்கில் அது இல்லை. பாக்சிங்கின் பலம் தலையை அசைத்துக் குத்திலிருந்து தப்புவதிலும் கையின் வேகத்திலும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முகத்தில் அடி வாங்கிப் பழகாதவர் முதல் அறையிலேயே உறைந்துவிடுவார். மெதுவாக, மாஸ்டர் கண் முன்னால், கையுறை போட்டவரிடம் சில அடி வாங்கியவர் கண்ணை மூடாமல் நிற்பார். இதை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

செலவுக்கு வருவோம். மாதம் 200 வெள்ளிக்கு மேல் போகும். கையுறை, கைத்துணி, முழங்கால் கீழ்க் காப்பு, பல் காப்பு எல்லாம் தனி. முதல் மாதம் கெண்டைக்கால் எலும்பு வலி தூங்க விடாது. பெரிய செலவு தலைக்குத்தான்: ஜிம்மில் வாராவாரம் முழு பலத்தில் அடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் வேறு ஜிம் பாருங்கள். மூளை குலுங்குவது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, கையுறை பழக்கத்தில் வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடையும். டாக்டர்கள் அதற்குக் குத்துச்சண்டை முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் தாக்குங்கள் என்று சொல்லித் தரும் மாஸ்டர் விஷயம் தெரிந்தவர்.

பெரும்பாலான ஜிம்களில் இப்போது உடற்பயிற்சி வகுப்பாகவே இதை நடத்துகிறார்கள். பாட்டுப் போட்டு, பையைக் குத்தி, வியர்த்து, படம் எடுத்து முடித்துவிடுவார்கள். வயிறு குறையும். எதிரில் ஆள் இல்லாத வரை தற்காப்பு வராது.

## ஜூடோ, ஜிட்சு

1882இல் ஜிகோரோ கானோ ஜப்பானில் தொடங்கியது ஜூடோ. அதன் கிளையிலிருந்து பிரேசிலில் வளர்ந்தது பிரேசிலிய ஜியு ஜிட்சு, சுருக்கமாக ஜிட்சு. 1993இல் அமெரிக்காவில் பல கலைக்காரர்களும் மோதிய முதல் யூஎப்சி போட்டியில் ஒல்லியான ராய்ஸ் கிரேசி, தன்னைவிடக் கனமானவர்களைத் தரையில் மடக்கி வென்றதும் உலகம் திரும்பிப் பார்த்தது.

கையைப் பிடிப்பது, கட்டிப்பிடிப்பது, கீழே தள்ளி மேலே ஏறுவது போன்ற பயங்கள் உள்ள பெண்ணுக்கு இவற்றுக்கு நிகர் இல்லை. எதிரில் இருப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் முழு பலத்தோடு எதிர்ப்பார், தலையில் அடி விழாது, வலித்தால் தட்டினால் விட்டுவிடுவார். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆளின் கீழிருந்து நழுவி எழும் வித்தை ஓராண்டில் பழகும்.

ஜூடோவில் முதல் மாதம் முழுக்க விழக் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை மார்போடு ஒட்டி, கையால் தரையை அறைந்து, உருண்டு எழுவது. நம் ஊரில் மோட்டார் ஓட்டாதவர் யார்? மழையில் சறுக்கி விழுபவர்கள்தான் அதிகம், அடிதடியில் விழுபவர்கள் கொஞ்சம். வாழ்நாளில் ஒரு முறையாவது நிச்சயம் பயன்படப்போகும் தற்காப்பு இது ஒன்றுதான் என்பேன். பெரியவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

குறை: ஜிட்சுவில் தரையை விரும்பப் பழக்கிவிடுவார்கள். இரண்டாவது ஆள் இருந்தால், கண்ணாடித் துண்டு கிடந்தால், தரை ஆபத்தான இடம். எழுந்து ஓடுவதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். மறைமுகச் செலவில் விரல் மூட்டு வலி, முழங்கால், காதுமடல் வீக்கம், அப்புறம் விரிப்பிலிருந்து ஒட்டிக்கொள்ளும் படர்தாமரை. விரிப்பை வகுப்புக்கு வகுப்பு துடைக்கிறார்களா என்று பாருங்கள். ஆண்களோடு நெருங்கி உருள்வதில் கூச்சம் உள்ள பெண்கள், பெண்கள் வகுப்பு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சேரலாம்.

## கிராவ் மாகா, ஒருநாள் பயிலரங்குகள்

கிராவ் மாகா இஸ்ரேலிய ராணுவத்தில் வளர்ந்தது, அந்தக் காரணத்துக்காகவே சிலர் இங்கே ஒதுங்கிவிடுவார்கள். நல்ல பள்ளியில் பதற்றத்தில் செயல்படப் பழக்குவார்கள், மோசமான பள்ளியில் கண், தொண்டை, கவட்டை என்று பட்டியல் மட்டும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரப் பயிலரங்கு விழிப்புணர்வுக்கு நல்லது. அதில் கற்ற பிடி விடுவிப்பு அடுத்த மாதம் கையில் இருக்காது.

## ஒரே பார்வையில்

| கலை | நிஜ எதிர்ப்பு | பயன் தரும் காலம் | மறைந்த செலவு | பொருத்தமானவர் |
|---|---|---|---|---|
| கராத்தே | பள்ளியைப் பொறுத்தது | 1 வருடத்துக்கு மேல் | பட்டைத் தேர்வு, போட்டி | பிள்ளைகள், இளைஞர் |
| டேக்வாண்டோ | உண்டு, பெரும்பாலும் கால் | 1 வருடத்துக்கு மேல் | பட்டைத் தேர்வு | பிள்ளைகள் |
| சிலம்பம் | தொடுமுறை இருந்தால் | 1 வருடத்துக்கு மேல் | விழாக் கால நேரம் | குடும்பமாகச் சேர்பவர் |
| சீலாட் | பிரிவைப் பொறுத்தது | 1 வருடம் | சடங்குகள் பற்றி விசாரிக்க வேண்டும் | பொறுமை உள்ளவர் |
| முவாய் தாய், பாக்சிங் | அதிகம் | 4–6 மாதம் | தலை அடி, உபகரணம் | அவசரம் உள்ள பெரியவர் |
| ஜூடோ, ஜிட்சு | மிக அதிகம் | 6–12 மாதம் | மூட்டு, தோல் நோய் | பெண்கள், பிள்ளைகள் |

## அப்படியானால் யார் எதில்?

இரவு ஷிப்ட் பெண்ணுக்கு ஜிட்சு அல்லது ஜூடோ. கிடைக்காவிட்டால் நெருக்கச் சண்டை சொல்லித் தரும் முவாய் தாய். ஷிப்ட் மாறும்போது வகுப்பு நேரமும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பத்து வயதுப் பையனுக்கு ஜூடோ. தள்ளுபவனைக் குத்தினால் பள்ளி இவனையும் தண்டிக்கும். பிடித்துச் சாய்த்து வைத்துவிட்டு ஆசிரியர் வரும்வரை விடாமல் இருந்தால் பேச்சு வேறு. பக்கத்தில் ஜூடோ இல்லையென்றால் நல்ல கராத்தே மாஸ்டர் போதும். சிலம்பம் அவனுக்குப் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். காலடி எங்கும் வீண் போகாது.

நாற்பது தாண்டிய நண்பருக்கு பாக்சிங், ஆனால் முகத்தில் அடிக்கும் பயிற்சி மெதுவாக, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. இரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு வருட ஒப்பந்தம் என்பார்கள் சில ஜிம்களில். மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். அடிபட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா, மாஸ்டரே மாணவரோடு இறங்கி ஆடுகிறாரா என்று கவனியுங்கள்.

## சட்டத்தையும் கொஞ்சம்

நம் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க உரிமை உண்டு. ஆனால் 99ஆம் பிரிவின்படி தேவைக்கு மேல் அடிக்க உரிமை இல்லை. போலீஸை நாட நேரம் இருந்திருந்தாலும் அந்த உரிமை இல்லை. கொலை, படுகாயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற அச்சம் இருந்தால் 100ஆம் பிரிவு உரிமையை அதிகப்படுத்துகிறது.

102ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கப்போகிறான் என்ற நியாயமான அச்சம் வந்ததும் உரிமை தொடங்கிவிடும், அச்சம் தீர்ந்ததும் முடிந்துவிடும். விழுந்து கிடப்பவனுக்கு மேலும் இரண்டு உதை கொடுத்தால் குற்றவாளி நீங்கள்தான், அதையும் நான்கு பேர் போனில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மோட்டார் சீட்டுக்குக் கீழே இரும்புத் தடி வைப்பதையும் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சும்மா விடாது. வகுப்புக்குக் கொண்டுபோகும் சிலம்பக் கம்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது, அந்தத் தடிக்கு இல்லை.

அவன் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போய் 999ஐ அழையுங்கள். சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும் அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்து, அரசாங்க மருத்துவமனையில் காட்டி, இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.